'புயலிலே ஒரு தோணி'யில் மதுரை நினைவு

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) இரண்டாம் உலகப் போரைப் பொருளாகக் கொண்ட தமிழ் நாவல்களுள் தலையாயது என்பர். அதனைக் கடல்கடந்த வாழ்வின் கதையென்றும், இந்திய தேசிய இராணுவத்தின் கதையென்றும் ஆராய்வோர், இடையிடையே வரும் மதுரை நினைவுகளை ஊர் ஏக்கம் என்ற அளவில் கூறிக் கடந்துவிடுவர். அவ்வாறு கடத்தல் பொருந்தாது என்பது எம் கருத்து.

கதைத்தலைவன் பாண்டியன், டச்சுக்காரர் ஆண்ட சுமத்திராவின் மெடான் நகரில் வாழ்பவன். அங்கே வட்டிக்கடை நடத்திய தமிழர்க்கு அவ்வாட்சியே அரண். ஊரில் குடும்பங்கள் உண்டது அக்கடைகளின் வருவாய். 1942 மார்ச்சில் ஜப்பானியர் அந்நகரைக் கைக்கொண்டனர். கப்பலும் கடிதமும் பணமும் ஒருசேர நின்றன. நாவலில் மதுரை வீதிகளும் சின்னமங்கலத்துச் சந்தையும் பெருகி வருவது இவ்வறுபட்ட நிலையிலேதான் என்பதை நோக்குக.

ஆயின் அந்த மதுரை எந்த ஆண்டின் மதுரை? ஈண்டே நூலின் நுட்பம் உளது. அதே 1942இல் பர்மா வீழ்ந்தது. அந்நாட்டு அரிசியின் வரவு நின்றது. அடுத்த ஆண்டு முதல் சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு புகுந்தது. 1942 ஆகஸ்டுக் கிளர்ச்சியில் மதுரையும் கொந்தளித்தது. பாண்டியன் நெஞ்சத்து மதுரையிலோ இவற்றுள் ஒன்றும் இல்லை. சந்தையில் பண்டங்கள் குவிந்தே கிடக்கின்றன. அவன் கப்பலேறிய நாளோடு அவ்வூர் நின்றுவிட்டது. ஆசிரியர் 1938இல் இந்தோனேசியா சென்று 1946இல் மீண்டவர். பின்னர்ப் பல்லாண்டு மதுரையிலேயே நாளிதழ்ப் பணியாற்றியவர். மாறிய மதுரையை நாள்தோறும் கண்டவர் மாறாத மதுரையை எழுதினார் என்றால், அதனை மறதி எனல் இயலாது. செய்தி அறுந்த மனத்தின் நிலையை அவ்வாறு காட்டினார் என்றே கொள்ளல் வேண்டும்.

அவருடைய முந்தைய நாவலான 'கடலுக்கு அப்பால்' (1959) இக்கருத்துக்கு அரண் செய்யும். அதிற் செல்வம் போரினின்று உயிரோடு மீள்கிறான். எனினும் பட்டாளத்துக்குப் போனவனுக்கு மகளைக் கொடுக்க வட்டிக்கடை முதலாளி இசையவில்லை. பினாங்கில் ஆட்சி இருமுறை மாறியும் கடைமரபு மாறவில்லை.

குறையும் ஒன்று உண்டு. பாண்டியனும் நண்பரும் தமிழ்ப் பழம்பெருமையை எள்ளிப் பேசும் உரையாடல்கள் சுவையுடையன எனினும் சிலவிடத்து நீண்டு, போரின் நெருக்கடியைத் தளர்த்துகின்றன. நினைவுப் பகுதிகளில் இத்தளர்ச்சி இல்லை. பாண்டியன் ஊர் திரும்பாமலே மடிகிறான். பங்கீட்டுக் கடை நின்ற மதுரையை அவன் கண்கள் கண்டதேயில்லை.