சரக்காக ஏறும் பயணி

ஆரணி நகருக்குள் ரயில் வராது. ஆரணிக்காரர்கள் களம்பூரில் இருக்கும் ஆரணி ரோடு நிலையத்துக்குப் போய்த்தான் விழுப்புரம்–காட்பாடி தடத்து வண்டியைப் பிடிக்க வேண்டும். திருமலைச் சமணக் குன்றைச் சுற்றியிருக்கும் ஊர்களுக்கும் அந்தத் தடம்தான். ஆரணி வழியாகத் திட்டமிட்ட திண்டிவனம்–நகரி புதிய பாதை இன்னும் முழுமையடையவில்லை. ‘ஓப்பன் டிடிடி’ என்ற கணினி விளையாட்டிலோ இப்படியொரு பாதையைச் சில நிமிடங்களில் போட்டு ரயிலையும் ஓட்டிவிடலாம். அந்த ரயிலில் ஏறுவது யார் என்று கேட்பதே இக்கட்டுரை.

கிறிஸ் சாயர் 1994இல் உருவாக்கிய ‘டிரான்ஸ்போர்ட் டைகூன்’ விளையாட்டிலிருந்து கிளைத்து, 2004இல் திறந்த மூல மென்பொருளாக வந்தது ஓப்பன் டிடிடி. அதில் இல்லாத ரயில்களை ஆர்வலர்கள் கூடிச் செய்து ‘நியூஜிஆர்எஃப்’ என்ற சேர்க்கைக் கோப்பாக வெளியிடுகிறார்கள். ஒருவர் எஞ்சினை எட்டுத் திசைகளிலிருந்து புள்ளி புள்ளியாக வரைவார். இன்னொருவர் அதன் வேகம், குதிரைத்திறன், எடை, அறிமுகமான ஆண்டு ஆகியவற்றை நிரலாக எழுதுவார். ஒருவர் ஓட்டிப் பார்த்துப் பிழை சொல்வார். ஒருவர் பெயர்களை மொழிபெயர்ப்பார்.

இந்த வேலைமுறை பட்டுத்தறி ஊருக்குப் புதிதல்ல. சேலையின் கரையும் முந்தானையும் முதலில் கட்டம்போட்ட தாளில் கட்டம் கட்டமாகத்தான் நிரப்பப்படுகின்றன. பிறகு ஜக்கார்டு அட்டையில் துளைகளாகின்றன, அதன் பிறகே தறிக்கு வருகின்றன. ஆனால் பெயர் என்று வரும்போது இரண்டும் பிரிகின்றன. ரயில் சேர்க்கையோடு வரும் குறிப்பில் வரைந்தவர், நிரல் எழுதியவர், மொழிபெயர்த்தவர் என்று தனித்தனியாகப் பெயர் போடுவது வழக்கம். தறி வீட்டிலோ தார் சுற்றுவதும் பாவு பிணைப்பதும் ‘வீட்டு வேலை’யோடு கரைந்துவிடுகின்றன. கூலி, தறி யார் பேரில் இருக்கிறதோ அவர் கைக்குப் போகிறது. எந்தக் கை எதைச் செய்தது என்று எழுதிவைக்கும் இந்தப் பழக்கத்தை நாம் அந்த விளையாட்டு உலகத்திடமிருந்து தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்ள முடியாதது ஒன்றும் அங்கே இருக்கிறது. ஓப்பன் டிடிடியில் ‘பயணிகள்’ என்பது நிலக்கரி, தபால் போல ஒரு சரக்கு வகை. எத்தனை பேர், எவ்வளவு தூரம், எத்தனை நாளில் என்ற கணக்குக்குப் பணம் வரும். வண்டி தாமதமானால் வருமானம் குறையும், நிலையத்தைச் சரியாகக் கவனிக்காவிட்டால் அதன் மதிப்பீடு இறங்கும். பயணிக்கு வேறெந்தக் குறையும் இருக்க வழியில்லை. எஞ்சினின் நிறம் ஒரு புள்ளி மாறினாலும் ‘அசல்போல் இல்லை’ என்று ஆர்வலர்கள் திருத்துவார்கள். அசல் என்பது இரும்போடு நின்றுவிடுகிறது.

இந்திய ரயிலின் அசல் என்ன? ஒவ்வொரு பயணி ரயிலிலும் பெண்களுக்கென ஒரு பெட்டிப் பகுதியோ குறிப்பிட்ட இருக்கைகளோ ஒதுக்க வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 58ஆம் பிரிவு. சட்டம் இருந்தும், 2025 பிப்ரவரியில் காட்பாடியை ஒட்டிய தடத்தில் ஓடிக்கொண்டிருந்த கோவை–திருப்பதி இன்டர்சிட்டியின் பெண்கள் பெட்டியிலிருந்து கர்ப்பிணி ஒருவர் கீழே தள்ளப்பட்டார். வயிற்றுப் பிள்ளையை இழந்தார். ஆரணிப் பெண்கள் வேலூருக்கோ சென்னைக்கோ போகும்போது, எந்தப் பெட்டி, எந்த நேரம், கூட யார் என்று கணக்குப் போடுகிறார்களே, அதுவும் ரயிலின் இயக்கத்தில் ஒரு பகுதிதான்.

‘விளையாட்டுதானே’ என்று தள்ளிவிடலாம். ஆனால் இது தன்னைப் போக்குவரத்தின் மாதிரி என்று சொல்லிக்கொள்ளும் விளையாட்டு. எது கணக்கில் வரும், எது வராது என்ற தீர்மானம் அதற்குள் இருக்கிறது. ‘பெண்கள்’ என்று எழுதிய பெட்டியை வரைந்து சேர்ப்பது எளிது. உள்ளே ஏறுவது அதே சரக்கு என்பதால் அது வெறும் வண்ணப்பூச்சாகவே நிற்கும். அதைத் தாண்ட, புதிய பயணி வகை ஒன்றை வரையறுக்க வேண்டும். வீடுகளைச் செய்யும் குழு அந்த வகையைத் தன் வீடுகளிலிருந்து அனுப்ப வேண்டும், ரயில்களைச் செய்யும் குழு அதை ஏற்றிக்கொள்ள வேண்டும். இருவரும் அதற்கான நான்கெழுத்துக் குறியீட்டை ஒத்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் விளையாட்டின் நிரலில் இடம் உண்டு.

பெண்ணைத் தனி வகையாகப் பிரிப்பதே தீர்வா என்ற கேள்வியும் நியாயமானதே. தனிப்பெட்டி பாதுகாப்பு தருகிறது, மற்ற பெட்டிகளெல்லாம் ஆண்களுடையவை என்ற எண்ணத்தையும் கூடவே வளர்க்கிறது. இதைச் சேர்க்கை செய்யும் குழுவுக்குள்ளேயே விவாதிக்க வேண்டும். அதற்கு அங்கே பெண்கள் இருக்க வேண்டும். பொது உரிமத்தில் வரும் சேர்க்கையை யாரும் திருத்தலாம் என்பது உண்மை. ஆனால் உரிமம் கணினியையும் தராது, வேலை முடிந்த மாலைப் பொழுதையும் தராது. தார் சுற்றி, சமைத்து, பிள்ளையைப் படிக்க வைத்த பிறகு ஒரு பெண்ணுக்கு எட்டுத் திசை வரைய எத்தனை மணி நேரம் மிஞ்சுகிறது என்பதிலிருந்துதான் ‘யாரும் சேரலாம்’ என்ற அழைப்பை நாம் அளக்க வேண்டும்.