டிவி வாங்கும் முன்: விலை அட்டை சொல்லாத கணக்கு

போன வாரம் தங்கச்சி போன் பண்ணினாள். "அண்ணே, பொங்கலுக்கு டிவி எடுக்கலாம்னு இருக்கோம். 55 இன்ச் எடுக்கவா, 65 எடுக்கவா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே கேள்விக்குச் சட்டென்று ஒரு பதில் சொன்னவன் நான். அதனால் கஷ்டப்பட்டது எங்கள் அம்மா.

அப்போது ஊரில் அம்மாவின் 21 அங்குல பிக்சர் டியூப் டிவி பழுதாகிவிட்டது. லீவில் போயிருந்த நான் ஒரு கடைக்குப் போய், சுவரில் வரிசையாக மின்னிக்கொண்டிருந்ததில் 55 அங்குல 4கே ஒன்றைத் தவணையில் எடுத்து மாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அடுத்த தடவை போனபோதுதான் கவனித்தேன். அம்மா தன் நாற்காலியை ஹாலிலிருந்து அடுக்களை வாசல் வரைக்கும் தள்ளிப் போட்டிருந்தார். ஏம்மா இவ்வளவு தூரம் என்று கேட்டேன். "கிட்டத்துல பார்த்தா எல்லார் முகமும் மெழுகு உருகின மாதிரி இருக்குடா. பழசு நல்லாத்தான் இருந்துச்சு. நீ காசு போட்டு வாங்கியிருக்க, சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றார்.

முதலில் இதைப் பழசு மேல் இருக்கும் பாசம் என்றுதான் நினைத்தேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அம்மா சொன்னது முழுக்க முழுக்க சரி.

கண்ணின் கணக்கு

நல்ல பார்வை உள்ள கண்ணால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 0.29 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். கண் டாக்டரிடம் எழுத்து அட்டை வாசிக்கும்போது 6/6 என்று எழுதுகிறார்களே, அதன் அடிப்படை இதுதான். தூரம் இரண்டு மடங்கானால் இந்த இடைவெளியும் இரண்டு மடங்காகும். டிவித் திரையின் உயரத்தை, படத்தில் உள்ள கோடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு கோட்டின் அளவு கிடைக்கும். எந்தத் தூரத்தில் உட்கார்ந்தால் கோடு கண்ணுக்குத் தெரியாமல் படம் ஒன்றாகத் தெரியும் என்பதை அதிலிருந்து எடுத்துவிடலாம்.

நம்ம ஊர் சாதாரண எஸ்டி சேனலில் 576 கோடுகள். பழைய 21 அங்குல டிவியில் அது சுத்தமாகத் தெரிய 6 அடி சொச்சம் போதும். அம்மாவின் நாற்காலி இருந்தது ஏறக்குறைய 7 அடியில். அதே 576 கோடுகளை 55 அங்குலத்துக்கு இழுத்தால் 13 அடி தள்ளி உட்கார வேண்டும். அடுக்களை வாசல் எங்கே இருக்கிறது என்று டேப் வைத்து அளந்தேன்: 12 அடி. எந்தச் சூத்திரமும் தெரியாமல், கண்ணை மட்டும் வைத்து, அம்மா சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. எஸ்டி படத்தில் மொத்தம் 720 × 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் 3840 × 2160, அதாவது 82,94,400. வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் சரியாக 20 மடங்கு. அப்படியென்றால் கேபிளில் வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் டிவி தானாகவே 19 புள்ளிகளைக் கற்பனை செய்து நிரப்ப வேண்டும். ஒரு வீட்டுக்கு அரைத்த மாவில் இருபது வீட்டுக்குத் தோசை வார்க்கிற கதைதான். அந்த மெழுகு முகம் இங்கிருந்து வருகிறது.

கடையில் நமக்குக் காட்டுவது எது

இந்தப் பிரச்சினை கடையில் ஏன் தெரியவில்லை? அங்கே யாரும் சீரியல் போட்டுக் காட்டுவதில்லை. கிளி, மீன், தேன் சொட்டும் பழம், இரவு நேர வெளிநாட்டு நகரம் என்று டிவிக்காகவே எடுத்த படங்கள் ஓடும். மேலே குழல் விளக்குகள் கண்ணைப் பறிக்கும். அதற்கு ஈடுகொடுக்க டிவியை 'விவிட்' அல்லது கடைக்கான மோடில் வைத்திருப்பார்கள். வெளிச்சமும் நிறமும் உச்சத்தில் இருக்கும். பத்து டிவி பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நம் கண் அதிகம் மின்னுவதைத்தான் நல்லது என்று எடுத்துக்கொள்ளும். வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒற்றை விளக்கில் அதே டிவி கண்ணைக் கூசும்.

கடைப் பையனைக் குறை சொல்ல முடியாது. அவன் சம்பளம் விற்பனையில் இருக்கிறது. என் குறையெல்லாம் அந்த விலை அட்டை மீதுதான். அது பொய் சொல்வதில்லை. ஆனால் நமக்குத் தேவையில்லாத உண்மைகளைப் பெரிய எழுத்திலும், தேவையானதை எழுதாமலும் விடுகிறது.

'எல்இடி டிவி' என்று போட்டிருப்பது எல்சிடி திரைதான். பின்னால் இருக்கும் விளக்குதான் எல்இடி. 'க்யூஎல்இடி' என்பதும் அதே எல்சிடிதான், நிறத்தைச் சுத்தமாக்க குவாண்டம் டாட் என்ற ஒரு படலம் கூடுதல். ஓஎல்இடி மட்டும்தான் உண்மையில் வேறு சாதி: ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும், அதனால் கறுப்பு முழுக் கறுப்பாக இருக்கும். பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், விலையில் பல ஆயிரம். ஓஎல்இடியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நாள் முழுக்க ஒரே செய்திச் சேனல் ஓடும் வீட்டில், அசையாமல் நிற்கும் சேனல் முத்திரையும் கீழே உள்ள பட்டையும் காலப்போக்கில் திரையில் தழும்பாகப் பதிய வாய்ப்புண்டு.

'எச்டிஆர்' என்ற முத்திரை, அந்த வகைப் படத்தை டிவியால் வாசிக்க முடியும் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அதைக் காட்டும் வெளிச்சம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட் உச்ச வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிக்கிறார்கள். மலிவான டிவிகள் 300 நிட் பக்கத்தில் மூச்சு வாங்கும். நிட் எத்தனை என்று அட்டையில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது.

திரை விஏ வகையா, ஐபிஎஸ் வகையா என்பதும் இருக்காது. பொதுவாக விஏ திரையில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 3000-க்கு 1 அல்லது அதற்கு மேல். ஐபிஎஸ்ஸில் 1000-க்கு 1 ஒட்டி. இருட்டில் நேரே உட்கார்ந்து சினிமா பார்ப்பவருக்கு விஏ நல்லது. ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்காரும் குடும்பத்துக்கு ஐபிஎஸ் நல்லது, பக்கவாட்டில் நிறம் மங்காது. வாழ்க்கை முழுக்கப் பாதிக்கும் இந்த விஷயத்தை அட்டை சொல்லாது, ஆனால் "100 கோடி நிறங்கள்" என்று சொல்லும்.

அடுத்து அசைவு. சினிமா நொடிக்கு 24 படம். டிவி நடுவில் தானே படங்களைச் செய்து செருகி வழவழப்பாக்கும், அதனால் பெரிய படமும் சீரியல் மாதிரி தெரியும். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் இதை அணைக்கச் சொல்லி ஒரு வீடியோவே போட்டார்கள். 2019-ல் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்று ஒரு பொதுவான அமைப்பும் வந்தது. கம்பெனிக்குக் கம்பெனி இதற்குப் பெயர் வேறு. செட்டிங்ஸில் 'மோஷன்' என்று தொடங்கும் எதையும் ஒரு தடவை அணைத்துப் பாருங்கள்.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் உண்டு

அப்போ 4கே ஏமாற்றா? இல்லை. 43 அங்குலத்துக்கு மேல் இன்று கடையில் இருப்பதில் பெரும்பாலானது 4கேதான், வேண்டாமென்றாலும் விடமாட்டார்கள். ஓடிடியில் நல்ல பிரிண்ட் பார்ப்பவருக்கு அது வீணும் இல்லை. ஆனால் 55 அங்குலத்தில் 1080 கோடு உள்ள எச்டி படமே 7 அடியில் முழுசாகத் தெரிந்துவிடும். 4கேயின் முழுத் தெளிவையும் அனுபவிக்க மூன்றரை அடியில் உட்கார வேண்டும். ஆகவே அதற்கென்று கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. அந்தக் காசை வெளிச்சத்திலும் கறுப்பிலும் போட்டால் கண்ணுக்குத் தெரியும்.

நாம் வழக்கமாக விலை, பிராண்டு, அங்குலம் என்று தொடங்கி, வீட்டுக்கு வந்த பிறகு என்ன பார்க்கப் போகிறோம் என்று யோசிக்கிறோம். தலைகீழாகப் போக வேண்டும்:

1. முதலில் வீட்டில் வருவது என்ன? எஸ்டி கேபிளா, எச்டியா, ஓடிடியா?
2. நாற்காலிக்கும் சுவருக்கும் எத்தனை அடி? எஸ்டி மட்டும்தான் என்றால் 43 அங்குலத்துக்கே பத்தரை அடி வேண்டும், 32-க்கு எட்டடி போதும்.
3. அதற்குப் பிறகுதான் திரையின் வகை. கடையில் மோடை 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்டு'க்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரு பென் டிரைவில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஓர் இருட்டுக் காட்சியை எடுத்துப் போங்கள். நேரே பாருங்கள், இரண்டு எட்டு தள்ளி ஓரமாகவும் பாருங்கள்.
4. வசனம் உள்ள காட்சியைப் போட்டுக் கேளுங்கள். டிவி ஒல்லியாக ஆக ஆக, ஸ்பீக்கர் கீழ்ப்பக்கம் போய்விட்டது. வயதானவர்களுக்குப் படத்தைவிடப் பேச்சு முக்கியம்.
5. கடைசியாகத்தான் ஸ்மார்ட் வசதி. திரை பத்து வருடம் உழைக்கும், உள்ளே இருக்கும் மென்பொருள் அதற்கு வெகு முன்பே கிழடாகிவிடும். ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகிக்கொள்ளலாம்.

அம்மாவின் டிவி என்னாச்சு?

மாற்றவில்லை. பின்பக்கம் கையை விட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, செட் டாப் பாக்ஸ் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் மாட்டியிருந்தது. அந்த ஒயரில் எச்டி போகவே போகாது. பாக்ஸை எச்டிக்கு மாற்றி, எச்டிஎம்ஐ ஒயர் போட்டு, அவர் பார்க்கும் நாலு சேனலுக்கு மட்டும் எச்டி கட்டினேன். மோடை மாற்றி, 'மோஷன்' வகையறாவை அணைத்தேன். டிவி விலையோடு ஒப்பிட்டால் செலவு ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் நாற்காலி ஹாலுக்கே வந்திருந்தது. அளந்தேன், ஏழடி. அதைத்தான் தங்கச்சிக்கும் சொன்னேன்: "கடைக்குப் போறதுக்கு முன்னாடி அத்தை எங்க உக்காந்து பார்ப்பாங்கன்னு டேப் வச்சு அளந்து சொல்லு. இன்ச்சை அப்புறம் பேசலாம்."