வேரடி இழைகளும் கலைஞரின் உவமையும்: கேமரன் மலைத் தேயிலை நிலத்தை முன்வைத்து ஒரு நோக்கு

இயற்கையில் புறக்கண்ணுக்குப் புலனாகாத பின்னல்களைக் கருவாகக் கொண்டு கலை படைக்கும் போக்கு இன்று உலகெங்கும் வலுப்பெற்றுள்ளது. நூல், கம்பி, ஒளி முதலியவற்றால் பூஞ்சை வலைகளைப் பெரிதாக்கிக் காட்டும் இப்படைப்புகளுட் பல ஒரே செய்தியையே கூறுகின்றன: மண்ணுக்கடியில் யாவும் இணைந்துள்ளன, இணைந்தவை ஒன்றையொன்று பேணுகின்றன. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையின் தேயிலைச் சரிவுகளை முன்னிறுத்திப் பார்க்கையில் இச்செய்தி எவ்வளவு தூரம் நிற்கும் என்பதை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

இப்போக்கிற்கு ஊற்றாக அமைந்தது 1997இல் சுசான் சிமார்டும் அவர்தம் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. கனடாக் காட்டில் பூர்ச்ச மரத்திற்கும் டக்ளஸ் ஃபிர் மரத்திற்கும் இடையே கரிமம் கைமாறுவதை அது காட்டியது. வேர்களை இணைக்கும் பூஞ்சையிழைகள் அதற்கு வழியாகலாம் எனக் கருதப்பட்டது. ‘தாய்மரம்’, ‘மரங்களின் உரையாடல்’ போன்ற உருவகங்கள் பின்னர் கிளைத்தன. 2023இல் கார்ஸ்ட், ஜோன்ஸ், ஹோக்செமா ஆகிய மூவர் எழுதிய மறுபார்வையோ, இத்தகைய கூற்றுகளுட் பலவற்றுக்குக் காட்டில் திரட்டிய சான்று போதாது என எடுத்துரைத்தது. கலைஞர் அறிவியலாளரைப் போல் சான்று காட்டக் கடமைப்பட்டவர் அல்லர். ஆயினும், ‘இயற்கையே இப்படித்தான்’ என்று கூறித் தம் படைப்புக்கு வலுச்சேர்ப்பாராயின், அவ்வியற்கை எந்நிலத்தது என்று வினவும் உரிமை நமக்கு உண்டு. முதல், கரு, உரி எனப் பகுத்து, நிலத்தைச் சுட்டாமல் மரத்தையும் பூவையும் பேசாத திணை மரபு நம்முடையது.

கேமரன் மலையின் அடிமண் ஒரே தன்மையதன்று. பிரிஞ்சாங் மலையேறும் சாலையில் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தைக் கடந்து மேலே சென்றால் பாசி படர்ந்த மலைக்காடு எதிர்ப்படுகிறது. மலைக்காட்டுக் கருவாலி இன மரங்களின் வேர்நுனிகளைப் பூஞ்சை உறைபோல் மூடி வளரும். தேயிலைக்கும் பூஞ்சைத் துணை உண்டு. ஆனால் அது வேர்ச்செல்லுக்குள் புகுந்து நுண்ணிய மரம்போல் கிளைக்கும் பிறிதொரு வகை. சிமார்ட் ஆராய்ந்த பின்னல் கருவாலிக்கே நெருக்கமானது. காடும் தோட்டமும் சந்திக்கும் விளிம்பில், மேலே கண்ணுக்குத் தெரிவதுபோலவே கீழேயும் ஓர் எல்லை உண்டெனலாம். 1885இல் வில்லியம் கேமரன் நில அளவைக்கு வந்த இம்மலையில், ஜே.ஏ. ரசல் 1929இல் போ நிறுவனத்தைத் தொடங்கினார். காடு வெட்டித் தேயிலை நட்டபோது அறுந்தவற்றுள் இவ்விழைகளும் அடங்கும். மணிச்சத்து உரம் மிகுந்த மண்ணில் செடி பூஞ்சையை நாடுவது குறையும் என்பதும் அறிந்ததே. மேற்பரப்பின் பசுமையைக் கண்டு அடியிலும் உறவு தழைப்பதாக வரைவது சுற்றுலா அஞ்சலட்டைக்குப் பொருந்தலாம்.

சிக்குக் கோலத்தை இவ்வகைக் கலையின் தமிழ் முன்னோடியாகக் காட்ட விழைவோர்க்கு ஒரு சொல். கிஃப்ட் சிரோமணி முதலியோர் 1970களில் கோலத்தை இலக்கண விதிகளாக்கி ஆராய்ந்தமை போற்றற்குரியது. ஆனால் கோலத்தில் புள்ளி முன்னரே இடப்படுகிறது. இழை அதனைத் தொடாமல் வளைந்து, தொடங்கிய இடத்திலேயே முடிகிறது. பூஞ்சையிழைக்கு முன்னிட்ட புள்ளி இல்லை, முடிவும் இல்லை. அது நுனியில் நீண்டு, உணவு கிடைக்கும் பக்கம் கிளைக்கும். கோலத்தோடு ஒப்பிடத்தக்கது, வரிசை பிடித்து நட்ட தேயிலையே.

இவ்விடத்தில் சிம்ரின் கில் நம் கவனத்திற்குரியவர். 1959இல் சிங்கப்பூரில் பிறந்து போர்ட்டிக்சனில் வளர்ந்தவர். ‘காடு’ எனப் பொருள்படும் தலைப்பில் 1996 முதல் 1998 வரை இவர் உருவாக்கிய கறுப்புவெள்ளை நிழற்படத் தொகுதியில், நூல்களிலிருந்து கிழித்தெடுத்த அச்சுத் தாள்கள் இலையாகவும் விழுதாகவும் நறுக்கப்பட்டு, வெப்பமண்டலச் செடிகொடிகள்மீது ஒட்டப்பட்டுள்ளன. முதற்பார்வையில் செடி மட்டுமே தெரியும். கண் பழகியபின்னரே எழுத்து புலனாகும். இயற்கைக்குள் மறைந்திருப்பதாக இவர் காட்டுவது இயற்கையை அன்று, அதன்மேல் நாம் எழுதி ஒட்டிய சொற்களை. மேற்கூறிய வலைக் கலைஞர்கள் தம் உவமையை மறைக்க, இவர் அதனையே காட்சியாக்குகிறார். இதனாலேயே இவரை அவர்களினும் மேலாக நாம் மதிக்கிறோம்.

குறையும் உண்டு. ‘காடு’ படங்களில் செடி நட்ட கை இல்லை. தேயிலைச் சரிவிலோ, மனிதரை விடுத்துப் பின்னலைப் பேசவே இயலாது. கங்காணி தன் ஊரிலிருந்தும் சுற்றத்திலிருந்தும் ஆள் திரட்டிய முறை, 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும்வரை மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தது. அதுவும் வெளியே தெரியாத வலைதான், உறவால் பின்னப்பட்டது, அவ்வுறவே கடனாகவும் கட்டாகவும் இறுகியது. இணைப்பு என்றாலே பேணல் எனக் கொள்ளும் கலை, கங்காணியின் வலையை எங்கே வைக்கும்?

இவ்வினாவுக்குக் கில்லின் 1999ஆம் ஆண்டுத் தொகுதி ஒன்று ஓரளவு விடை தருகிறது. ஆஸ்திரேலியாவில் அயல்நிலத்திலிருந்து வந்து காடாக மண்டிய செடிகளுக்குச் சாரோங்கும் கைலியும் உடுத்திப் படமெடுத்துள்ளார். உடுத்தவர் படத்தில் இல்லை. ஆனால் இல்லாமை தெரிகிறது. தேயிலையும் கேமரன் மலைக்கு அயற்செடியே. அதனைப் பேணியவர்களும் கடல்கடந்து வந்தவர்களே. இன்று அங்குக் கொழுந்தெடுப்போருள் வங்காளதேசத்திலிருந்து வந்தோர் பலர். இடுப்பளவில் கவாத்துச் செய்த ஒரு தேயிலைச் செடிக்கு ஆடை உடுத்திப் படமெடுக்க யாரேனும் முனைந்தால், எவருடைய கைலியைத் தேர்ந்தெடுப்பார்? அவ்வுடை தமிழருக்கும் வங்காளிக்கும் பொது.