இணையதளத்துக்கு எந்த ஊர் நீதிமன்றம்?

ஈரோட்டில் போர்வை விற்பவர் ஓர் இணையதளம் தொடங்கினால் அதை டெல்லியிலும் பார்க்கலாம். அதற்காக வணிகச் சின்னத் தகராறு ஒன்றில் டெல்லி நீதிமன்றம் அவரை அங்கே இழுக்கலாமா? 2003இல் கேசியோ வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, தளம் டெல்லியில் திறந்தாலே போதும் என்றார். 2009இல் பேனியன் ட்ரீ வழக்கில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த நிலையை மாற்றியது.

அவ்வழக்கில் வாதி சிங்கப்பூர் நிறுவனம், பிரதிவாதிகள் ஹைதராபாத்காரர்கள். தளம் கண்ணில் பட்டால் மட்டும் போதாது என்றது அமர்வு. டெல்லிவாசிகளைக் குறிவைத்துப் பிரதிவாதி வணிகம் செய்தார், அதனால் தனக்கு அங்கே பாதிப்பு என்பதை வாதி முதல்நோக்கிலேயே காட்ட வேண்டும். வழக்குக்கென்றே ஆள் வைத்து வாங்கிய ஒற்றைப் பொருள் அதற்கு ஆதாரமாகப் போதாது.

இந்த விதி நியாயமானது. விற்காத ஊரில் வழக்காடும் செலவிலிருந்து சிறு வணிகரைக் காக்கிறது. ஜோடித்த வழக்குமூலத்தையும் தடுக்கிறது.

ஆனால் குறைகளும் உண்டு. யாருக்கு எத்தனை விற்றார் என்ற கணக்கு பிரதிவாதியிடம் இருக்கிறது. நிரூபிக்கும் சுமையோ வாதியின் தலையில். நாடு முழுவதும் அனுப்பும் தளம் எந்த ஊரைக் குறிவைக்கிறது என்பதற்கும் தெளிவான அளவுகோல் இல்லை.

இன்னொரு குறை விதிக்கு வெளியே இருக்கிறது. பதிவு பெற்ற வணிகச் சின்னம் மீறப்பட்டால், வாதி தான் வணிகம் செய்யும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க வணிகச் சின்னச் சட்டத்தின் 134ஆம் பிரிவு இடம் தருகிறது. வேர்ல்டு ரெஸ்லிங் என்டர்டெயின்மென்ட் நிறுவனம் தன் தளம் வழியே டெல்லியில் விற்பதே அங்கு வணிகம் செய்வதாகும் என 2014இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஏற்றது. பிரதிவாதி மும்பைக்காரர். ஆக, ஒரு வாசலில் கிடைத்த பாதுகாப்பு மறு வாசலில் பறிபோகிறது. 2015இல் சஞ்சய் டாலியா வழக்கில் உச்ச நீதிமன்றம் இச்சலுகைக்கு வரம்பு கட்டியது, முழுதாக மூடவில்லை.

தளத்தின் பின்கோடு கட்டத்தில் டெல்லி எண்ணை ஏற்று, பணம் வாங்கி, தொடர்ந்து பார்சல் அனுப்புபவர் டெல்லியில் பதில் சொல்லட்டும். வெறும் விவரம் காட்டும் தளத்துக்காக யாரையும் அலைக்கழிக்கக் கூடாது. விற்பனைக் கணக்கைத் தொடக்கத்திலேயே தாக்கல் செய்யுமாறு பிரதிவாதிக்கு நீதிமன்றங்கள் உத்தரவிட வேண்டும். அப்போதுதான் பேனியன் ட்ரீ விதி இரு தரப்புக்கும் நீதி செய்யும்.