பாவித்த வாகனமும் வாய்மொழி உத்தரவாதமும்

பாவித்த வாகனத்தின் தரத்துக்கு விற்பவர் பொறுப்பேற்பதே உத்தரவாதம். பேச்சுவழக்கில் அது வாரண்டி. இலங்கையில் இந்தப் பொறுப்பு இரண்டு வழிகளில் உண்டாகிறது. ஒன்று, விற்பவர் தாமாகக் கொடுக்கும் வாக்கு. மற்றது, அவர் எதுவும் சொல்லாவிட்டாலும் சட்டம் விற்பனைக்குள் சேர்த்துவைக்கும் நிபந்தனை. வன்னியில் முதலாவது பெரும்பாலும் வாய்ச்சொல்லோடு முடிகிறது. இரண்டாவது இருப்பதை வாங்குபவர் பலர் அறிவதே இல்லை.

கனகராயன்குளம் ஏ9 வீதியில் புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில், வவுனியா மாவட்டத்தின் வடபகுதியில் உள்ள வன்னி ஊர். வயலையும் தோட்டத்தையும் நம்பிய இத்தகைய ஊர்களில் வாகனம் ஆடம்பரம் அல்ல, பிழைப்புக்கான முதல். நெல் ஏற்றவும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விடவும், நோயாளியை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அது வேண்டும். புது வாகனம் வாங்க வசதியற்ற குடும்பம் பாவித்ததையே தேடுகிறது. 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியதும், தனியார் வாகனங்களுக்கான அந்தத் தடை 2025 பெப்ரவரி வரை நீடித்ததும் இந்தத் தேவையை இறுக்கின. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. வயது கூடக்கூட விலை இறங்கவேண்டிய வாகனம் விலை ஏறியது, பழுதுக்கான வாய்ப்பும் கூடவே ஏறியது.

சட்டம் தருவது

இத்துறையின் அடிப்படைச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தழுவியது அது. அந்த வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் விவரிப்பை நம்பி ஒருவர் வாங்கினால், பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கவேண்டும். வாங்குபவர் தம் தேவையைச் சொல்லி விற்பவரின் அனுபவத்தை நம்பினால், பொருள் அத்தேவைக்கும் பொருந்தவேண்டும். ஆனால் வாங்குபவர் வாகனத்தைப் பரிசோதித்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்கக்கூடிய குறைகளுக்கு விற்பவர் பொறுப்பல்ல.

"தகுந்த தரம்" என்பதன் அளவு பாவித்த வாகனத்துக்கு எவ்வளவு என்பதை 1965இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு வழக்கில் ஆராய்ந்தது. பாவித்த ஜாகுவார் கார் ஒன்றின் கிளச்சில் சிறு கோளாறு இருப்பதாக விற்பவர் சொன்னார். பிறகு எதிர்பார்த்ததைவிடக் கூடிய செலவு வந்தது. வாங்கியவர் தோற்றார். வீதியில் பாதுகாப்பாக ஓட்டத் தகுந்த நிலையில் இருந்தால் பாவித்த கார் தகுந்ததே, புதுக்காரின் செம்மையை அதனிடம் எதிர்பார்க்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். ஒரே வேரிலிருந்து வந்த இலங்கைச் சட்டத்தைப் படிப்பவருக்கும் இது வழிகாட்டும். பிரேக் பிடிக்காததும் ஸ்டியரிங் ஆடுவதும் ஒரு தரம், ஏசி குளிராதது வேறு தரம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இந்த உரிமைக்கு ஒரு வாசலைத் திறந்தது. வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை வியாபாரி விற்றால் எழுத்தில் முறையிடலாம். விசாரணைக்குப் பின் நட்டஈடு தரவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ அதிகாரசபை கட்டளையிடலாம். வியாபாரி வாங்குபவரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச்செல்வதையும் பொய் விவரம் சொல்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. மீற்றரைக் குறைத்து வைப்பதும், விபத்தில் சிக்கிய வாகனத்தை விபத்தே காணாததென்று சொல்வதும் இதற்குள் வரக்கூடியவை.

நடைமுறையின் பலம்

நடைமுறையில் வாகன விற்பனை நிலையங்கள் கொடுப்பது இதைவிடக் குறுகியது. "எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் ஒரு மாதம்" அல்லது "ஆயிரம் கிலோமீற்றர்" என்பது வழக்கமான பேச்சு. பெரிய நிலையங்கள் சில எழுத்திலும் தருகின்றன.

இந்த வழக்கத்தை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட முடியாது. பழுதுகளில் அதிகச் செலவு வைக்கும் இரு பகுதிகளை அது தொடுகிறது. வழக்கு, வக்கீல், தவணை எதுவுமின்றி, விற்றவரின் கராஜிலேயே சில நாட்களில் திருத்தம் முடியலாம். ஊருக்குள் தெரிந்தவரிடம் வாங்கும்போது அவருடைய பெயரே பிணையாக நிற்கிறது. வாக்குத் தவறியவரிடம் அடுத்த ஆள் போகமாட்டார் என்ற அச்சம் சில நேரம் சட்டத்தைவிட விரைவாக வேலை செய்கிறது. உத்தரவாதம் குறுகியதாக இருப்பதால் விலையும் அளவுக்கு மீறி ஏறுவதில்லை. எல்லாப் பழுதுக்கும் ஓராண்டு பொறுப்பேற்கச் சொன்னால் சிறு வியாபாரி அந்தச் சுமையை விலையில்தான் ஏற்றுவார்.

நடைமுறையின் குறை

முதற்குறை, உத்தரவாதத்தின் எல்லை வாகனத்தின் உண்மையான பழுதுகளோடு ஒட்டாமல் இருப்பது. ஹைபிரிட் வாகனங்களில் பெருஞ்செலவு வைக்கக்கூடியது அதன் பற்றறி. எஞ்சினும் கியர்பொக்ஸும் மட்டும் என்ற வாக்குக்குள் பற்றறியும் இன்வேர்ட்டரும் வருமா என்பதை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. பழுது வந்த பிறகு அந்த வாக்குக்கு விற்றவர் ஒரு பொருளும் வாங்கியவர் இன்னொரு பொருளும் சொல்கிறார்கள்.

இரண்டாவது, தூரம். ஊர்க்கட்டுப்பாட்டின் பலம் கொழும்பிலோ குருநாகலிலோ வாங்கிய வாகனத்துக்குச் செல்லாது. "இங்கே கொண்டுவாருங்கள், பார்த்துத் தருகிறோம்" என்ற வாக்கை நிறைவேற்ற, ஓடாத வாகனத்தை ஏற்றிப்போகும் செலவு யாருடையது? வாங்கியவர் பக்கத்து மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்த்தால், "வெளியாள் கை வைத்துவிட்டார்" என்று சொல்லி விற்றவர் விலகவும் இடமுண்டு.

மூன்றாவது, ஓபன் பேப்பர் வழக்கம். உடைமை மாற்றத்தைப் பதியாமல், பழைய உரிமையாளரின் கையெழுத்திட்ட படிவங்களை மட்டும் வைத்து வாகனம் பல கை மாறுகிறது. புத்தகத்தில் இருப்பவர் ஒருவர், பணம் வாங்கியவர் இன்னொருவர், இடையில் நின்ற புரோக்கர் மூன்றாமவர். சட்டத்தின் நிபந்தனை வாங்கியவருக்கு நேரே விற்றவரைத்தான் கட்டும். அந்த நேர் விற்பனையாளர் யார் என்று காட்டவே ஆவணம் இல்லாதபோது உரிமை காகிதத்திலேயே நின்றுவிடுகிறது.

நான்காவது, லீசிங். வாகனம் கராஜில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. பழுது பார்க்கும் செலவையும் தவணையையும் ஒரே வருமானத்திலிருந்து கட்டமுடியாத குடும்பம், உரிமைக்காக வாதாடுவதற்கு முன்பே வாகனத்தை இழக்கும் நிலைக்குப் போய்விடுகிறது. உத்தரவாதம் பொய்த்தால் கடைசியில் அதன் பாரம் மிகவும் பலவீனமானவர் தலையிலேயே விழுகிறது.

சட்டத்திலும் இடைவெளி உண்டு. அதிகாரசபைக்கான முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். ஆறுமாத உத்தரவாதம் பெற்றவருக்கு நான்காம் மாதம் பழுது தெரிந்தால், உத்தரவாதம் உயிரோடு இருக்கும்போதே முறையிடும் காலம் முடிந்திருக்கும். இது நியாயமாகாது. அத்துடன் அதிகாரசபை பார்ப்பது வியாபாரிகளை மட்டுமே. தம் சொந்த வாகனத்தை விற்ற தனியாளுக்கு எதிராக அங்கே போகமுடியாது, தர நிபந்தனையும் அவரைக் கட்டாது. அவர் கொடுத்த வாக்கை மீறினார் அல்லது தெரிந்தே பொய் சொன்னார் என்பதை நிறுவினால்தான் பரிகாரம். அதற்கு மத்தியஸ்த சபையும் நீதிமன்றமும் இருக்கின்றன.

நிறுவும் சுமையும் வாங்குபவருடையதே. பழுது விற்பனை நாளிலேயே இருந்தது என்று அவர் காட்டவேண்டும். பிற நாடுகள் இதை மாற்றியிருக்கின்றன. பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுப் பாவனையாளர் உரிமைச் சட்டத்தின்படி வியாபாரியிடம் வாங்கிய குறையுள்ள வாகனத்தை 30 நாட்களுக்குள் நிராகரிக்கலாம். அதன் பின்னரும், திருத்தமோ மாற்றோ கேட்பவருக்கு, ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை விற்பனையின்போதே இருந்ததாகக் கொள்ளப்படும், இல்லை என்று காட்டுவது வியாபாரியின் வேலை. சிங்கப்பூர் 2012 செப்டெம்பரில் கொண்டுவந்த சட்டமும் இதே ஆறுமாத விதியைப் பாவித்த கார்களுக்கும் பொருத்தியது. வாகனத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவரிடம் விளக்கம் கேட்பதே முறை என்பதுதான் இவ்விதிகளின் அடிப்படை.

மதிப்பீடு

வாய்மொழி உத்தரவாதம் அறிமுகமானவர்களுக்கு இடையில் பயன்படும், அந்நியரிடம் உடையும். அதை ஒழிப்பது தேவையில்லை, எழுத்துக்குக் கொண்டுவருவதே தேவை. தொழிலாக வாகனம் விற்பவர் ஒவ்வொருவரும் மீற்றர் அளவு, விபத்து வரலாறு, பற்றறியின் நிலை, உத்தரவாதத்துக்குள் வருபவை, வராதவை, ஏற்றுச்செலவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பது கட்டாயமாகவேண்டும். மூன்றுமாதக் காலம் விற்பனை நாளிலிருந்து அல்லாமல் பழுது தெரிந்த நாளிலிருந்து எண்ணப்படவேண்டும். நிறுவும் சுமை முதல் ஆறு மாதத்துக்கேனும் வியாபாரிக்கு மாறவேண்டும். இம்மூன்றும் நேர்மையான வியாபாரிக்கு இழப்பு அல்ல, மறைத்து விற்பவரிடமிருந்து அவரைப் பிரித்துக் காட்டும் அடையாளம்.

சட்டம் மாறும்வரை வாங்குபவர் கையில் உள்ளவை சில. பணம் கொடுக்கும் முன் தமக்கு வேண்டிய மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஸ்கான் செய்து பார்க்கவேண்டும். விற்பவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், விலை, உத்தரவாதத்தின் எல்லை ஆகியவை அடங்கிய பற்றுச்சீட்டைப் பெறவேண்டும். உடைமை மாற்றத்தை உடனே பதியவேண்டும். பழுது தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்தி, கழற்றும் முன் படமெடுத்து, விற்றவருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும், ஏனெனில் நீண்ட நாள் பேசாமல் வைத்திருந்தால் வாங்கியவர் வாகனத்தை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் கனகராயன்குளத்திலிருந்தும் எட்டக்கூடியதே. ஆனால் தொலைபேசி அழைப்போடு நின்றுவிடாமல், மூன்று மாதம் முடியும் முன் முறைப்பாட்டை எழுத்தில் சேர்ப்பித்துவிடவேண்டும்.