பத்தடி தூரத்தில் எத்தனை பிக்சல்?

டிவி வாங்கப் போகிற நண்பர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "4கே எடுக்கணுமா, ஃபுல் எச்டி போதுமா?" இதற்கு ரெடிமேடாக இரண்டு பதில்கள் உண்டு. கடைக்காரர் சொல்வது: பிக்சல் நாலு மடங்கு, அதனால் தெளிவும் நாலு மடங்கு. இணையத்துச் சந்தேகப் பேர்வழிகள் சொல்வது: மனிதக் கண்ணால் அந்த வித்தியாசத்தைப் பார்க்கவே முடியாது, எல்லாம் வியாபார வேலை. முதல் பதில் தப்பு என்று பலருக்கும் ஓரளவு தெரியும். இரண்டாவதும் பாதிதான் சரி என்பது என் கட்சி. இரு தரப்பும் பிக்சலை எண்ணுகிறார்களே தவிர, அந்தப் பிக்சலுக்குள் என்ன வந்து விழுகிறது என்று பார்ப்பதில்லை.

சந்தேகப் பேர்வழிகளின் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். கண் டாக்டர் அறையில் தொங்குகிற எழுத்து அட்டையை 1862-இல் உருவாக்கியவர் ஹெர்மன் ஸ்னெல்லன். அதில் 6/6 வாங்கினால், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தை உங்கள் கண் பிரித்துப் பார்க்கிறது என்று அர்த்தம். அதாவது ஒரு டிகிரிக்கு 60 பிக்சல். 55 இன்ச் டிவியின் அகலம் சுமார் 122 செ.மீ. ஃபுல் எச்டியில் அதை 1920 பிக்சலாகப் பிரித்தால் ஒன்று 0.63 மி.மீ. இது 60 என்ற எல்லையைத் தொடுவது 2.2 மீட்டரில், ஏழடிக்குக் கொஞ்சம் மேல். நம் ஊர் ஹாலில் சோஃபாவுக்கும் டிவிக்கும் நடுவே எட்டு முதல் பத்தடி இருக்கும். ஆகவே 4கே வீண். இணையத்தில் சுற்றுகிற தூர அட்டவணைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரிக் கணக்கில் இருந்து பிறந்தவை.

ஆனால் 60 என்பது கண்ணின் உச்ச வரம்பு இல்லை, அட்டையில் "நார்மல்" என்று போட்ட கோடு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா ரியாலிட்டி லேப்ஸும் சேர்ந்து 2025-இல் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். முன்னும் பின்னும் நகரும் திரையை வைத்து நேரடியாக அளந்ததில், கறுப்பு வெள்ளை விவரங்களுக்கு டிகிரிக்கு 94 பிக்சல் வரை கண் பிரித்தறிகிறது. சிவப்பு பச்சைக்கு 89. மஞ்சள் ஊதாவுக்கு வெறும் 53. இந்த 94-ஐப் போட்டுப் பார்த்தால் 55 இன்ச் ஃபுல் எச்டியின் எல்லை பதினோரு அடிக்குப் போய்விடுகிறது. பத்தடியில் உட்கார்ந்தாலும், கூர்மையான கண்ணுக்கு ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 43 இன்ச் என்றால் பத்தடியில் ஃபுல் எச்டியே டிகிரிக்கு 107 பிக்சல் தருகிறது. அங்கே சந்தேகப் பேர்வழிகள் ஜெயித்துவிட்டார்கள்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 3840×2160 அளவில் ஒரு படம், ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறிமாறி நெடுக்குக் கோடுகள். பைத்தானில் அஞ்சு வரி வேலை. லேப்டாப்பை எச்டிஎம்ஐ வழியாக இணைக்கணும். பென்டிரைவில் போட்டு டிவியின் ஃபோட்டோ ஆப்பில் திறந்தால் ஏமாந்து போவீர்கள்: பல ஸ்மார்ட் டிவிகள் மெனு, ஆப் எல்லாவற்றையும் 1080பி-யில் வரைந்து பெரிதாக்கித்தான் காட்டுகின்றன, வீடியோ மட்டும்தான் முழு 4கே. (4கே ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியின் சொந்த மெனுவே 4கே இல்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.) ஓவர்ஸ்கேனை அணைத்துவிட்டு, ஷார்ப்னஸையும் கீழே இறக்கிவிடுங்கள். பிறகு கோடுகள் கலந்து சாம்பலாகும் வரை பின்னால் நடங்கள்.

எங்கள் வீட்டு 55 இன்ச்சில், கண்ணாடி போட்ட எனக்கு நாலரை அடியில் கலந்துவிட்டது. பதினாலு வயது மகளுக்கு ஐந்தரை அடி. அடுத்து, கோட்டை இரண்டு பிக்சல் அகலமாக்கினால் அது ஃபுல் எச்டிக்குச் சமம். அதில் எனக்கு ஒன்பது அடி, அவளுக்குப் பதினொன்று. ஒரே சோஃபாவில் பத்தடி தூரத்தில் உட்கார்ந்தால் 4கே எனக்கு இல்லை, அவளுக்கு உண்டு. "யாருக்கு?" என்ற கேள்வியே இல்லாமல் தூர அட்டவணை போட்டால் அதில் என்ன பிரயோஜனம்?

அதோடு, சினிமாவில் யாரும் ஒரு பிக்சல் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் படம் பிடிப்பதில்லை. உண்மையான காட்சியில் அவ்வளவு நுண்விவரம் இருக்கிறதா என்பது தனி விஷயம், விவாதத்தில் அதிகம் விடுபடுவதும் அதுதான். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு' 2015-இல் வந்தது. 2.8கே தரமுள்ள ஆரி அலெக்ஸா கேமராவில் எடுத்து 2கே-யில் முடித்த படம். அதன் 4கே டிஸ்க் அந்த 2கே-யைப் பெரிதாக்கியது. 1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வோ 65 மி.மீ. நெகட்டிவில் எடுத்தது. அதை 8கே-யில் ஸ்கேன் செய்து, 2012-இல் 4கே-யாக மீட்டெடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் பழைய படத்தில் நிஜமான 4கே இருக்கிறது, புதுப் படத்தில் இல்லை. ஆனால் மேட் மேக்ஸின் 4கே டிஸ்க்கைப் பார்த்தால் பழைய டிஸ்க்கைவிட மேலாகத்தான் தெரியும். காரணம் எச்டிஆர்: வெயிலும் நெருப்பும் மணலும் கூடுதல் ஒளி வீச்சில் வருகின்றன. அதைப் பார்க்கிறவர் "4கேன்னா இதான்யா" என்பார். அவர் பார்த்தது பிக்சலை அல்ல.

ஸ்ட்ரீமிங்கிலும் இதே குழப்பம்தான். 4கே படத்தைச் சுருக்காமல் அனுப்பணும் என்றால், 10 பிட் நிறம், நொடிக்கு 24 ஃப்ரேம் என்று வைத்தாலே நொடிக்குச் சுமார் 3 ஜிகாபிட் தேவை. நெட்ஃப்ளிக்ஸ் 4கே-வுக்குச் சொல்கிற இணைய வேகம் 15 மெகாபிட். அதாவது இருநூறில் ஒரு பங்கு. அந்தச் சுருக்கத்தில் முதலில் காணாமல் போவது நுண்விவரம்தான்: துணியின் இழை, தோலின் துளை, ஃபிலிமின் மணல்மணி. 4கே ப்ளூரே டிஸ்க்கோ நொடிக்கு 128 மெகாபிட் வரை தரவல்லது. நல்ல ப்ளூரேயின் 1080பி, ஸ்ட்ரீமிங் 4கே-யோடு சரிக்குச் சரி நிற்பது இதனால்தான். அதேசமயம் ஃபுல் எச்டிக்கு நெட்ஃப்ளிக்ஸ் சொல்வது 5 மெகாபிட் மட்டுமே. ஆகவே 4கே ஸ்ட்ரீமைத் தேர்ந்தெடுத்தால் உங்களுக்கு வருவது அதிகப் பிக்சல் மட்டுமல்ல, அதிக டேட்டாவும்தான். பிக்சலைக் கண் பிரிக்க முடியாத தூரத்திலும் இருட்டுக் காட்சியில் கட்டம் கட்டமாக உடையாமல் இருப்பது தெரியும். "4கே வீண்" என்று ஒரே போடாகப் போடுகிறவர்கள் கவனிக்காத இடம் இது.

இன்னொரு பக்கம், நம் வீடுகளில் டிவி அதிக நேரம் காட்டுவது என்ன? சீரியல், செய்தி, பழைய பாட்டு. நிறைய வீடுகளில் எச்டி பேக் கூட இல்லை, எஸ்டி சேனல்தான். எஸ்டி என்றால் 720×576, மொத்தம் 4,14,720 பிக்சல். 4கே திரையில் 82,94,400. கால்குலேட்டரைத் தட்டினால் துல்லியமாக இருபது மடங்கு வருகிறது! இருபது பிக்சலில் ஒன்றுதான் சேனல் அனுப்பியது, மீதிப் பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சிப் ஊகித்து நிரப்புகிறது. அந்தச் சிப் மட்டமானதாக இருந்தால், பழைய ஃபுல் எச்டி டிவியில் சுமாராகத் தெரிந்த சீரியல் புது 4கே-யில் மெழுகு பொம்மை மாதிரி தெரியும். "புது டிவியில படம் நல்லால்ல" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் அது பழக்கதோஷம் இல்லை, சரியான விமர்சனம்.

கடையில் இது எதுவும் தெரியாது. மூன்றடியில் நிற்கிறோம், ஓடுவது நிறுவனமே தயாரித்த டெமோ வீடியோ, பிக்சர் மோடு விவிட். அந்தத் தூரத்தில் 4கே நிச்சயம் ஜொலிக்கும். வீட்டில் அந்தத் தூரத்தில் யாரும் உட்கார்வதில்லை. ஒரு கடையில் செட்டாப் பாக்ஸ் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டேன், கனெக்‌ஷன் இல்லை சார் என்றார்கள். நீங்களும் கேட்டுப் பாருங்கள், காட்டுகிற கடை கிடைத்தால் அங்கேயே வாங்குங்கள்.

8கே பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. 2020-இல் வார்னர் பிரதர்ஸ், பிக்சார், அமேசான், எல்ஜி சேர்ந்து 88 இன்ச் திரையில், ஐந்தடியிலும் ஒன்பதடியிலும் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். சராசரிப் பார்வையாளர்களுக்கு 4கே-வுக்கும் 8கே-வுக்கும் வித்தியாசம் தெரிந்தது அபூர்வம்.

50 இன்ச்சுக்கு மேல் போனால் ஃபுல் எச்டி பேனல் கடைகளில் அநேகமாகக் கிடைப்பதே இல்லை, 4கே தானாக வந்துவிடும். அதனால் அதற்கென்று தனியாகக் காசு ஒதுக்க வேண்டியதில்லை. காசு போகவேண்டிய இடம் கான்ட்ராஸ்ட். ஐபிஎஸ் பேனலில் அது ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் நிற்கும். விஏ பேனலில் மூவாயிரம், ஐயாயிரம் வரை போகும், ஆனால் பக்கவாட்டில் உட்கார்ந்தால் வெளுக்கும். எச்டிஆர் படங்களைப் பெரும்பாலும் 1000 நிட்ஸ் வெளிச்சத்துக்குத் தயாரிக்கிறார்கள். விலை குறைந்த "எச்டிஆர்" டிவிகள் பல 300-ஐத் தாண்டுவதே கஷ்டம், லோக்கல் டிம்மிங்கும் இருக்காது. எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டாது. 43 இன்ச்சில் இரண்டு மாடல் ஒரே விலையில் இருந்து, ஒன்று மங்கலான 4கே, இன்னொன்று நல்ல விஏ பேனலும் கூடுதல் வெளிச்சமும் உள்ள ஃபுல் எச்டி என்றால், நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். ஹாலில் பகலில் ஜன்னல் வெளிச்சம் டிவி மேலேயே விழுகிற வீடு என்றால் யோசிக்கக்கூட வேண்டாம்.