ஒரே வாய் கேட்ட நீதி

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். அப்படி மன்னாரை இழந்தவர்களில் ஒருவரான ஷிரீன் அப்துல் ஸரூர், பிறகு அதே மண்ணில் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒரே அமைப்பில் சேர்த்து வேலை செய்தார். 2014இல் பெண் செயற்பாட்டாளர்களின் அனுபவங்களை ஆங்கிலத்தில் நூலாகத் தொகுத்தார். ஒருத்தியின் கண்ணீரை இன்னொருத்தியின் கண்ணீரோடு நிறுத்துப் பார்க்காததே அதன் பலம். ஆனால், ஆங்கிலத் தொகுப்பு எருக்கலம்பிட்டி உம்மாவின் கைக்கு எட்டுமா?

குறை நம்மட பக்கமும் இருக்கு. 1990ஐ அவர் பேசினால் ‘நம்மட புள்ள’ என்கிறோம். 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பெண் ஏன் காதியாக முடியாது என்று கேட்டால் முகத்தைத் திருப்புகிறோம். துரத்தப்பட்டவளுக்கு நீதி கேட்ட அதே வாய்தானே, காதி முன்னால் நிற்பவளுக்கும் கேட்குது?